அம்மாவின் இளைப்புக்கு மெஷினா, ஸ்பேசரா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அம்மா கழுவுகிற வேலை பார்த்தார். பாத்ரூம் தரையில் யாரோ பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அது தெரியாமல் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார். கிளம்பியது குளோரின். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள் நெஞ்சு நிறைய இழுத்தாகிவிட்டது. ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றும் மிளகாய் தாளித்தால், ஊதுபத்தி கொளுத்தினால் வீசிங் வந்துவிடும்.

நச்சு வாயுவை ஒரே தடவை அதிகமாக இழுத்ததால் வருகிற ஆஸ்துமா இது என்றார் டாக்டர். இருமலும் இளைப்பும் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று மாதம் தாண்டியும் விடாது. 1985லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

சரி, வீட்டில் எதை வைத்துக்கொள்வது? சித்தி நெபுலைசர் மெஷின் வாங்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா ஆவி பிடித்தால் போதும் என்றார். டாக்டர் இன்ஹேலரும், அதன் முனையில் மாட்டி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரும் எழுதிக் கொடுத்தார்.

ஆவியை முதலில் முடித்துவிடுகிறேன். மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். சுருங்கிப் போன மூச்சுக்குழாயை அது விரிக்காது. இருமலோடு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிவதும் ஆபத்து.

மெஷின் மேல் எனக்கும் ஆசை இருந்தது. முகமூடியை மாட்டிவிட்டால் போதும், புகை மாதிரி மருந்து தானாகப் போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பிடிக்கும். சாதாரண மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். மருந்துக் கிண்ணத்தைத் தினமும் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமி சேரும். ஒரு முறை இளைப்பு வந்தபோது கரண்ட் இல்லை. டாக்டர் சொல்லிவைத்தபடி ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக அடித்து, அம்மா நிதானமாக நாலைந்து மூச்சு இழுத்ததும் அடுத்த பஃப் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பேச்சு வந்தது. சாதாரண, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசர் மெஷினுக்குச் சளைத்ததில்லை என்று டாக்டர் சொன்னதை அன்றுதான் நம்பினேன். விலையும் சில நூறு ரூபாய்தான்.

ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இளைக்கும்போது யாருக்கு அது வரும்? ஸ்பேசரை மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து உள்சுவரில் ஒட்டும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் உள்ளே இருக்கிற மருந்தில். சால்பூட்டமால் உடனே மூச்சுக்குழாயை விரிக்கும், ஆனால் உள்ளே இருக்கிற வீக்கத்தை வற்றவைக்காது. அதற்குத்தான் புடசோனைட் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். நன்றாக இருக்கிற நாளிலும் அடிக்க வேண்டும், அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். 'பழகிப் போயிடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா இரண்டு மாதம் இதை நிறுத்தினார். அந்த மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று பனங்காட்டை உலுக்கிக்கொண்டு புழுதியோடு வந்தபோது இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வீட்டில் எதையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பஃப் கொடுத்துக்கொண்டே வண்டி ஏற்றுங்கள்.

இப்போது, மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். காலையும் மாலையும் அம்மா ஊதுவார், நான் காலண்டரில் குறிப்பேன். நல்ல நாளில் 280 வரும். போன வாரம் காற்று எழும்பியதும் 220 என்று இறங்கியது. இளைப்பு தொடங்கும் முன்பே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டோம்.