ஒட்டு வயரா, நேராகச் சொருகுவதா? ஆக்சிஜன் சென்சார் இரண்டு முறை வாங்கியவனின் கணக்கு

எக்ஸாஸ்ட் புகையைப் பார்த்து, பெட்ரோல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். ஒரே காருக்கு ஒரே வருடத்தில் அதில் இரண்டு வாங்கியிருக்கிறேன். முதலில் வாங்கியது மலிவாகக் கிடைத்த, வயரை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டிய யுனிவர்சல் வகை. அடுத்தது, காரின் பிளக்கிலேயே நேராகச் சொருகிக்கொள்ளும் வகை. இரண்டையும் வீட்டு முற்றத்தில் நானேதான் மாட்டினேன். நான் எந்தப் பக்கம் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குத் தெற்கே, இசிபிங்கோவில். டொயோட்டா தொழிற்சாலை இருக்கும் ப்ராஸ்பெக்டன் பக்கத்திலேயே இருப்பதால், கார் வேலை தெரிந்த ஒருவராவது தெருவுக்குத் தெரு அகப்படுவார். கடலும் பக்கம். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

செப்டம்பரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடித்துக்கொண்டிருந்த வண்டி எட்டரைக்குப் போயிருந்தது. காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைக் (கோடு) காட்டும் கோடு ரீடரை மாட்டிப் பார்த்தால் பி0135. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்று அர்த்தம். இந்தச் சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சீக்கிரம் சூடேற்றத்தான் உள்ளே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

கோடு வந்ததும் கடைக்கு ஓட வேண்டாம். ஃபியூஸ் போயிருந்தாலும் இதே கோடு வரலாம். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி, சென்சார் பக்கத்து ஹீட்டர் வயர்கள் இரண்டுக்கும் நடுவே மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம்களாவது காட்டும். என்னுடையது ஒன்றுமே காட்டவில்லை, உள்ளே அறுந்திருந்தது. பி0171 போல 'கலவையில் காற்று அதிகம்' என்று சொல்லும் கோடு வந்தால் சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன் வேக்குவம் குழாய்களில் எங்காவது காற்று கசிகிறதா என்று தடவிப் பாருங்கள். பல நேரம் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரி, எதை வாங்குவது? டீலரிடம் கார் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. பாஷ், என்டிகே, டென்சோ போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்கும், காருக்கேற்ற பிளக்கோடு வருவது இரண்டாவது. பிளக் இல்லாமல் வெறும் வயர் முனைகளோடு வரும் யுனிவர்சல் மூன்றாவது. ஸ்க்ராப்யார்டில் கழற்றிய பழையது நான்காவது.

நான்காவதை ஒரே வரியில் முடித்துவிடலாம்: ஹீட்டர் உள்ள சென்சார் சுமார் 1,60,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள், ஸ்க்ராப்யார்டில் கிடப்பது அதில் எவ்வளவு ஓடி முடித்தது என்று யாருக்குத் தெரியும்? டீலர் பார்ட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை, விலையைத் தவிர. கார் கம்பெனிகளுக்குச் சென்சார் செய்து கொடுப்பவர்களே மேலே சொன்ன மூவரும் அவர்களைப் போன்றவர்களும்தான். அதனால் பெட்டிக்காக இரண்டு மடங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆக, நிஜமான போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான்.

வீட்டிலா, வொர்க்‌ஷாப்பிலா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. (இங்கே கராஜ் என்றால் பெட்ரோல் போடும் இடம். அங்கே போய் சென்சார் மாற்றச் சொன்னால் சிரிப்பார்கள்.) பெரும்பாலான கார்களில் இது 22 மில்லிமீட்டர் தலை, 18 மில்லிமீட்டர் மரை. வயர் நுழைய ஒரு பக்கம் வெட்டுவிட்ட சாக்கெட் ஒன்று போதும். முதல்நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து, மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். அசையவில்லை என்றால் முரண்டு பிடிக்காதீர்கள். சென்சாரோடு மரையும் பிய்ந்து வந்தால் எக்ஸாஸ்ட் கடைக்குப் போய் இரட்டைச் செலவு செய்ய நேரும். வண்டிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: தென்னாப்பிரிக்காவில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் காம்பெட்டிஷன் கமிஷனின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி வாரண்டிக் காலத்திலும் வெளி வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கலாம். என் வண்டிக்குப் பதினாறு வயது, அந்தக் கவலையெல்லாம் போய் வெகுகாலம் ஆகிறது.

யுனிவர்சலை வாங்கியதற்குக் காரணம் விலைதான், பிளக்கோடு வருவதில் பாதிகூட இல்லை. பழைய சென்சாரின் பிளக்கை வயரோடு வெட்டி எடுத்து, புதியதன் நான்கு வயரோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதானில்' முதல் குழி வயரின் நிறம். பாஷ் சென்சாரில் பொதுவாக இரண்டு வெள்ளை வயர் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் நிறம் சிக்னலின் கிரவுண்டுக்கு. டென்சோவில் இரண்டு கறுப்புதான் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்டு. ஒன்றில் ஹீட்டராக இருக்கும் நிறம் இன்னொன்றில் வேறு வேலை பார்க்கிறது. நிறத்துக்கு நிறம் என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் கதை முடிந்தது. அதோடு, நான்கு வயர் இருக்கிறது என்பதாலேயே யுனிவர்சல் பொருந்திவிடாது. பல டொயோட்டாக்களில் முன்பக்கம் இருப்பது நான்கு வயர் கொண்ட ஏர்-ஃப்யூவல் சென்சார். அதன் வேலையே வேறு, சாதாரண யுனிவர்சல் அதற்கு ஆகாது.

நிறங்களைச் சரியாகத்தான் சேர்த்தேன். பெட்டிக்குள் கிரிம்ப் செய்யும் (வயரை உள்ளே விட்டு நசுக்கி இறுக்கும்) குழாய்களும் சூட்டில் சுருங்கும் உறைகளும் இருந்தன. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, சால்டரிங்தான் உறுதி என்று நான்கையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். விளக்கு அணைந்தது. நானும் பெருமையாகத்தான் திரிந்தேன்.

டிசம்பரில் மறுபடி பெட்ரோல் கணக்கு ஏறியது. எதிர்வீட்டு மாமா ரிடையர் ஆன மெக்கானிக், அரைத் தமிழும் அரை இங்கிலீஷுமாகப் பேசுவார். பானெட்டுக்குள் பார்த்தவர் என் ஒட்டுகளைத் தொட்டுவிட்டு, "தம்பி, நீ அதோட மூக்கைப் பொத்திட்டே" என்றார்.

சென்சார் என்ன செய்கிறது? எக்ஸாஸ்ட் புகையில் இருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தை வோல்டாகச் சொல்கிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம், காற்று கூடினால் 0.1 பக்கம். அப்படியென்றால் அதன் உட்புறத்துக்கு எப்போதும் சுத்தமான வெளிக்காற்று வேண்டும். பழைய சென்சார்களின் உடம்பிலேயே அதற்கு ஓட்டை இருந்தது. தண்ணீர் புகாதபடி செய்யப்பட்ட பிந்தைய வகைகளில் பெரும்பாலானவை வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளின் இடுக்கு வழியாகவே காற்றை இழுக்கின்றன. அந்த இடுக்கை ஈயம் அடைத்துவிடும். கனெக்டரில் கிரீஸ் பூசினாலும் இதே கதிதான். காற்று குறைந்தால் வோல்ட் இறங்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, காற்று கூடிவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். என் எட்டரை லிட்டர் திரும்பி வந்தது இப்படித்தான்.

தப்பு என்னுடையது, யுனிவர்சலின் தப்பு அல்ல. ஈயத்தை வெட்டி எறிந்துவிட்டு, பெட்டியில் வந்த கிரிம்பையே போட்டு, உறையைச் சுருக்கி ஒழுங்காக இணைத்தேன். ஏழு லிட்டருக்குத் திரும்பியது. இத்தோடு நின்றிருந்தால் நான் இன்று வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

டர்பனில் மழை கோடையில்தான். ஜனவரி, பிப்ரவரி முழுக்க ஈரம், அதோடு கடற்காற்றின் உப்பு. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்த்தாலும் அடுத்த வியாழனுக்குள் மங்கிவிடும். எஞ்சினுக்கு அடியில் தொங்கும் செம்பு வயரை யார் தேய்ப்பது? மார்ச் மாதம் விளக்கு எரிந்தபோது உறையைக் கீறிப் பார்த்தேன். நான்கில் இரண்டு ஒட்டுகளில் பச்சைக் களிம்பு. அது ஒட்டோடு நிற்கவில்லை, வயரின் தோலுக்குள் இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. ஹீட்டர் வயரில் களிம்பு ஏறினால் ஹீட்டர் சூடாகாது. சிக்னல் வயரோ ஒரு வோல்டுக்கும் குறைவானதைச் சுமப்பது, நடுவில் கொஞ்சம் தடை வந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தப்பான கணக்குத்தான் போகும்.

பிளக்கோடு வரும் வகைக்கு என் ஓட்டு விழுவது இந்த ஓர் இடத்தில்தான். மற்றபடி புகைக்குள் இருக்கும் முனையைப் பொறுத்தவரை, நல்ல கம்பெனியின் யுனிவர்சலும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிளக்கோடு வருவதில் வயர் நடுவில் எங்கும் வெட்டுப்படுவதில்லை, கனெக்டரின் ரப்பர் வளையம் ஈரத்தை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. வயரின் நீளமும் அளவாக வருவதால் சூடான குழாயில் உரசாது. மாட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியே பூசியனுப்பிய மசகு அதில் இருந்தது, அதன்மேல் நான் எதுவும் தடவவில்லை. சுமார் 45 நியூட்டன் மீட்டரில் முறுக்கினேன். அதற்குப் பிறகு ஒரு முழு மழைக்காலம் கடந்துவிட்டது, விளக்கு எரியவில்லை.

ஒரு மழைக்காலம் என்பது பெரிய சாட்சியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் அனுபவம் கடலோர அனுபவம் மட்டுமே. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் என் மச்சான் பக்கியில் (பின்னால் திறந்த தட்டு உள்ள சின்ன லாரியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கிரிம்ப் செய்த யுனிவர்சல் மூன்று வருடமாக ஓடுகிறது. அங்கே கடலும் இல்லை, உப்பும் இல்லை. அவனுக்கு இதை வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஒட்டை எஞ்சினுக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தால் எனக்கும் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கலாம்.

கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் இன்னும் வண்டியோடு வந்த பழையதுதான். அதன் கனெக்டர் என் வண்டியில் சீட்டுக்கு அடியில், காருக்கு உள்ளே இருக்கிறது. அங்கே மழை வராது என்றால் ஒட்டையும் அங்கேயே வைத்து மலிவானதைப் போடலாமே என்று ஒரு சபலம் இருக்கிறது. மாமாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல், தன்னுடைய 22 சாக்கெட்டை எப்போது திருப்பித் தரப்போகிறாய் என்று கேட்டார்.