காலரில் மாட்டும் ஹெச்2எஸ் அலாரம்: சென்சார் அருமை, அதிர்வு போதாது

ஹெச்2எஸ், அதாவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கசிந்தால் கத்தும் சின்னக் கருவி இது, ஒருமுறை ஆன் செய்தால் 2 வருடம் ஓடும் வகை. சார்ஜ், பேட்டரி என்ற தொல்லையே கிடையாது, காலம் முடிந்ததும் புதிதாக வாங்க வேண்டியதுதான். முதல் அலாரம் 10 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 10 பங்கு), அடுத்தது 15. நான் இதை மாட்டிக்கொண்டு நடப்பது ஆசிட் கேஸ் கம்ப்ரசர் பக்கத்தில். இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யும் அமீன் யூனிட் பிரித்தெடுத்த ஹைட்ரஜன் சல்பைடையும் கார்பன் டை ஆக்சைடையும் எரித்து வானத்தில் விடாமல், பல கட்டமாக அழுத்தி, ஆழத்தில் இருக்கும் உப்புநீர்ப் பாறைக்கோ எண்ணெய் தீர்ந்துபோன படுகைக்கோ அனுப்பும் இடம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 30 வருடத்துக்கும் மேலாக நடக்கும் முறை, நல்ல முறையும்கூட.

ஆனால் குழாய்க்குள் 30 சதவீதம் ஹெச்2எஸ் என்றால் அது 3 லட்சம் பி.பி.எம்., இந்தக் கருவியோ 100 வரைதான் அளக்கும். அதற்கு மேல் அளவு தாண்டியது என்று மட்டும் காட்டும். ஏறக்குறைய அந்த 100லேயே மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போய்விடும். அதனால் கத்தியதும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு அதை எதிர்த்து மேட்டுப் பக்கம் போங்கள். இந்த இரண்டு வாயுவும் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும்.

சென்சாரில் குறையே இல்லை. ஷிப்ட் தொடங்குமுன் டெஸ்ட் கேஸ் காட்டினால் தயங்காமல் அலறுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்குத் தனிக் கருவி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: கலவையில் ஹெச்2எஸ் வெறும் 2 சதவீதம் இருந்தாலும், இது 10 காட்டும்போது கசிவிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 500 பி.பி.எம்.தான் இருக்கும், ஆபத்துக்கு ரொம்ப முன்னாலேயே எச்சரித்துவிடும். தனி கார்பன் டை ஆக்சைடு லைன் இருக்கும் இடத்துக்கு இது உதவாது, அங்கே அகச்சிவப்பு சென்சார் வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது அதிர்வு விஷயத்தில்தான். கம்ப்ரசர் ஓடும்போது, காதில் சத்தம் தடுக்கும் மஃப் போட்ட பிறகு, அலாரம் கேட்கவே கேட்காது. மிஞ்சுவது அதிர்வு. அது தடித்த கவரால் (உடம்பு முழுக்க மூடும் வேலை உடுப்பு) மேல் மாட்டினால் தெரிவதில்லை, பக்கத்தில் நிற்பவர் விளக்கு மின்னுவதைப் பார்த்துத் தோளைத் தட்டினால்தான் உண்டு. தனியாக ரவுண்ட்ஸ் போகிறவருக்கு யார் தட்டுவது? உயிர் காக்கும் கருவியில் மோட்டாரில் போய்க் காசு மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாங்குமுன் ஓடுகிற கம்ப்ரசர் பக்கத்தில் நின்று, மஃப் போட்டு, டெஸ்ட் கேஸ் காட்டிப் பாருங்கள். உணர முடியவில்லையா, வேறு மாடல் கேளுங்கள். அப்புறம் இடுப்பு பெல்ட்டில் வேண்டாம், ஜாக்கெட்டுக்கு உள்ளேயும் வேண்டாம், மூக்குக்குக் கிட்டே காலரிலேயே மாட்டுங்கள்.