நாற்றுக்கு எல்ஈடி லைட் கட்டுபவர்களே, சப்ளையையும் வயரையும் பார்த்து வாங்குங்கள்

மாரியில் முற்றத்து மிளகாய் நாற்றெல்லாம் அழுகிப் போகிறதே என்று, இம்முறை அறைக்குள் இரும்பு ராக்கை வைத்து எல்ஈடி லைட் கட்டினேன். சாமான் வாங்கியது யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில். 5 மீற்றர் எல்ஈடி பட்டி, மீற்றருக்கு 14.4 வாட்; மொத்தம் 72 வாட். 12 வோல்ட்டில் 6 அம்பியர். அதற்கு 10 அம்பியர் என்று எழுதிய சப்ளையை (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) தந்து, "தாராளமாக் காணும் அண்ணை, யோசிக்காமல் கொண்டு போங்கோ" என்றார் கடையில் நின்ற தம்பி. கணக்குச் சரியாக இருந்தது, நம்பிவிட்டேன். வயரும் அவரே வெட்டித் தந்தார்.

பட்டி மங்கலாகவே எரிந்தது. மல்டிமீற்றர் வைத்துப் பார்த்தால் சப்ளையில் 11.6 வோல்ட், 4 மீற்றர் தள்ளிப் பட்டியில் 10.1. இடையில் ஒன்றரை வோல்ட்டை வயர் தின்றிருக்கிறது. வீட்டுக் கரண்டின் 230 வோல்ட்டில் ஒன்றரை குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் பட்டியில் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும். வயரை பிளேட்டால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை! அலுமினியத்துக்குச் செம்பு பூசி, செம்பு விலைக்கு விற்றிருக்கிறார்கள். நீங்கள் கடையிலேயே சுரண்டிப் பாருங்கள்.

சரி என்று 2.5 சதுர மில்லிமீற்றர் நல்ல செம்பு வயர் போட்டேன். அப்போதுதான் பட்டி முழுக் கரண்டையும் எடுத்தது. 10 அம்பியர் என்று எழுதிய சப்ளை அந்த 6 அம்பியரையே தாங்காமல் அன்றிரவே கருகி மணத்தது. திறந்து பார்த்தால், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. நாங்கள் நித்திரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதைவிடப் பெரிய விசயம் எர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் மூன்றாவது கம்பி. முதல் நாளே மனைவி தண்ணீர் தெளிக்கும்போது ராக்கையைத் தொட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, கையில கரண்ட் அடிக்குது" என்றார். "12 வோல்ட்தானே, எர்த் தேவையில்லை" என்று சொல்லி, பிளக்கிலிருந்து சப்ளைக்கு இரண்டு கம்பி வயரைத்தான் கடையில் தந்திருந்தார்கள். வெளியே வருவது 12 என்றாலும் உள்ளே போவது 230. சப்ளையின் தகரப் பெட்டியை ராக்கையில் முடுக்கியிருந்தேன். எர்த் இல்லாததால் பெட்டியில் கசிந்த கரண்ட் ராக்கை முழுவதும் நின்றது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது. மூன்று கம்பி வயர் இல்லாமல் தயவுசெய்து கட்டாதீர்கள். கரண்ட் கசிந்தால் தானாக நிற்பாட்டும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள்.

திருப்பிக் கொண்டுபோனால், "பாவிச்ச சாமான் மாத்தித் தர ஏலாது." என்னிடம் இருந்தது அட்டைத் துண்டில் கூட்டிய கணக்கு மட்டும். கேட்டால் பில் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது, நான்தான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டு வாங்கி வையுங்கள். அந்த அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். கருகிய சப்ளையோடும் சுரண்டிய வயரோடும் என்னுடையதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.