பினாங்கில் வெள்ளிக் கட்டி வாங்கப் போனபோது

லண்டனில் வெள்ளிக் கட்டி வாங்கினால் விலைக்கு மேல் 20% வாட் வரி கட்ட வேண்டும். முதலீட்டுத் தங்கத்துக்கு அந்த வரி இல்லை. அதனால் பினாங்குக்குப் போகிற நம்மவர்கள் பலர், "ஊரிலேயே நாலு கட்டி வாங்கிப் போட்டுடலாம்" என்று நினைக்கிறார்கள். இந்த முறை நானும் அக்காவும் கடை கடையாக ஏறி விசாரித்து வாங்கினோம்.

முதலில் லிட்டில் இந்தியா. பினாங்கு ஸ்ட்ரீட் நகைக்கடைகளில் கொலுசும் குத்துவிளக்கும்தான் அதிகம். வெள்ளி நகையில் பெரும்பாலும் 925 முத்திரை இருக்கும், அதாவது 92.5% வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. விற்கும்போது செய்கூலி திரும்பி வராது. அதை ஒரு கடைக்காரரே சொன்னார்: "முதலீட்டுக்குன்னா 999 கட்டி விக்கிற இடத்துக்குப் போங்க தம்பி, எங்கிட்ட வாங்காதீங்க." 999 என்றால் 99.9% வெள்ளி. வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மை சொன்ன அந்த மனிதரை அக்கா இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.

கட்டி விற்கும் இடங்களில் நான் முதலில் கேட்டது இதுதான்: "இதே கட்டியை இன்னைக்கே திருப்பிக் கொடுத்தா என்ன விலைக்கு எடுப்பீங்க?" ஓர் இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் இரண்டு விலையையும் தாளில் எழுதிக் கொடுத்தார். இன்னோர் இடத்தில், "விலை ஏறத்தான் போகுது அங்கிள், ஏன் இப்பவே விக்கிறதைப் பத்திக் கேக்குறீங்க?" என்றார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டோம். விற்கும் விலைக்கும் திருப்பி எடுக்கும் விலைக்கும் 15% வித்தியாசம் என்றால், வெள்ளி கிட்டத்தட்ட 18% ஏறினால்தான் போட்ட காசே கைக்கு வரும். தங்கத்தைவிட வெள்ளியில் இந்த இடைவெளி பெரிது. கட்டி சின்னதாக ஆக ஆக இன்னும் கூடும், ஏனென்றால் வார்த்து, முத்திரை குத்தி, உறையிடும் செலவு சின்னக் கட்டிக்கும் உண்டு. அதனால் ஒரு அவுன்ஸ் கட்டிகளை விட்டுவிட்டு 100 கிராம் கட்டிகளாக எடுத்தோம்.

விலை ஏறும் என்பதையும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) 50 டாலரை ஒட்டிப் போனது. அந்த உயரத்தை மறுபடி நெருங்க 2011 ஏப்ரல் வரை ஆனது. அப்போது வாங்கியவர்கள் 2015 கடைசியில் 15 டாலருக்கும் கீழே பார்த்தார்கள்.

உறை இல்லாத வார்ப்புக் கட்டியை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். 100 கிராம் வெள்ளி என்றால் தராசு 9.5 கிராம் காட்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 11-ஐத் தாண்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். செம்பிலும் ஈயத்திலும்கூட ஒட்டாது.

அப்புறம், மாதாமாதம் வருமானம் தருவதாகச் சொல்லித் தங்கம், வெள்ளி விற்பவர்கள். இதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். 2012 அக்டோபரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அப்படிப்பட்ட ஒரு தங்க நிறுவனத்தில் சோதனை நடத்தியபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அனுமதியில்லாத நிறுவனங்களைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியல் பேங்க் நெகாராவின் தளத்திலேயே இருக்கிறது. கட்டி வெறும் கட்டிதான், வட்டி போடாது.

லண்டனுக்குக் கொண்டுவரவில்லை. 390 பவுண்டுக்கு மேல் பொருள் கொண்டுவந்தால் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும். அங்கேயும் அதே 20% காத்திருக்கிறது. கட்டிகள் அக்காவின் பேங்க் லாக்கரில் இருக்கின்றன. ரசீதையும் அக்கா பெயரிலேயே போடச் சொன்னேன். நான் இல்லாதபோது விற்க வேண்டி வந்தால் அவரே ஐசியை (மலேசிய அடையாள அட்டையை) காட்டி விற்றுவிடலாம்.