ஹேண்டில்பார் உயர்ந்தது, ஆக்ஸிலேட்டர் படுத்தது: வயரை வழி மாற்றுவதா, நீட்டுவதா, வெட்டுவதா?

கேபிள் ஆக்ஸிலேட்டர் காலத்தில் உயரமான ஹேண்டில்பார் போட்டு கேபிள் பற்றாமல் போனால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஹேண்டிலை ஒடிக்கும்போது கேபிள் இழுபட்டு இன்ஜின் தானாக உறுமும். கேபிளுக்குப் பதில் வயரில் மின்சிக்னல் போகும் ரைடு-பை-வயரில் கதை தலைகீழ். வயர் இழுபட்டால் இன்ஜின் அடங்கிவிடும், மஞ்சள் விளக்கு எரியும், எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நத்தையாக நகரும். யமஹா 2006 ஆர்6-இல் கொண்டுவந்த இந்த மின்னணு ஆக்ஸிலேட்டர், 2017-இல் கேடிஎம் 390 டியூக்கில் நம் ஊர் விலைக்கு இறங்கியது. 2023-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பீடு 400, ஹிமாலயன் 450 இரண்டிலும் இதுதான்.

என் வண்டியில் மூன்று அங்குலம் உயரமான பார் போட்டேன். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆக்ஸிலேட்டர் வலது பக்கம். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தால்தான் வலது பிடி முன்னே போய் வயர் விறைக்கும். நம் சாலையில் யூ-டர்ன் எல்லாம் வலது பக்கம்தானே! ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் இடது பக்கம் நெருக்கி ஒடித்தேன், வண்டி செத்தது. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கு இதை எப்படி விளக்குவது?

பிடிக்குள் பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும். நாம் எவ்வளவு முறுக்குகிறோம் என்பதை இரண்டும் தனித்தனி வோல்டேஜாக ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குச் சொல்லும். இரண்டு பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ இரண்டையும் நம்பாது. அதுதான் பி2138 என்ற எரர் கோடு (code). பி2122, பி2127 வந்தால் ஏதோ ஒரு சிக்னலின் வோல்டேஜ் மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள். பார் மாற்றிய மறுநாளே இவற்றில் ஒன்று வந்தால் முதலில் வயரையும் அதை இணைக்கும் கப்ளரையும் சந்தேகப்படுங்கள், சென்சாரை அல்ல.

ஆனால் மெக்கானிக் முதலில் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எரரை அழித்துப் பார்க்கலாம், அல்லது ஆக்ஸிலேட்டர் செட்டையே மாற்றலாம். முதலாவது செலவில்லாதது, பயனும் இல்லாதது. அடுத்த முறை ஒடித்ததும் அதே விளக்கு. இரண்டாவது பல ஆயிரம் ரூபாய் விஷயம். புது சென்சாரையும் அதே குட்டை வயரில்தானே மாட்டப்போகிறார்கள்?

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. சாவியைப் போட்டு, இன்ஜினை இயக்காமல், கப்ளரின் பின்பக்கம் மல்டிமீட்டர் ஊசியைச் செருகுங்கள். வயரின் தோலைக் குத்த வேண்டாம், மழைத்தண்ணீர் இறங்கும். 5 வோல்ட் சப்ளை வருகிறதா, மெதுவாக முறுக்கினால் இரண்டு சிக்னலும் துள்ளாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் முறுக்காமல் ஹேண்டிலை மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடியுங்கள். அப்போது எண் ஆடினால் குற்றவாளி வயர்தான். இவை காந்தத்தை வைத்து இயங்கும் ஹால் சென்சார்களாக இருந்தால் ஓம்ஸ் வைத்து அளப்பதில் பயனில்லை.

வயர்தான் என்றால் முதல் வழி, வயர் போகும் பாதையை மாற்றுவது. கம்பெனி வயரில் கொஞ்சம் தளர்வு எங்காவது ஒளிந்திருக்கும். டேங்கைக் கழற்றி, வயரைக் கட்டியிருக்கும் பழைய டேகுகளை வெட்டி, வயரைக் கழுத்துப் பக்கம் நேராகக் கொண்டுவந்தால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். பாரைத் தூக்கிவைக்கும் சின்ன ரைசர் போட்டவர்களுக்குப் பல நேரம் இதுவே போதும். என் மூன்று அங்குலத்துக்குப் போதவில்லை.

மிச்சம் இரண்டு: கப்ளரோடு வரும் எக்ஸ்டென்ஷன் வயர், அல்லது இருப்பதை வெட்டி நடுவில் ஒட்டுப்போடுவது. விலையைப் பார்த்தால் வெட்டுவதுதான் லாபம். அரை மணி நேரம், கொஞ்சம் வயர், கொஞ்சம் ஈயம். ஆனால் ஈயம் உருகும்போது செப்பு இழைகளுக்குள் ஏறி, ஒட்டிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு வயரைக் கம்பி மாதிரி விறைக்கவைத்துவிடும். விறைப்பு முடிந்து வயர் மறுபடி வளையத் தொடங்கும் அந்த இடம்தான் நாள் முழுக்க ஹேண்டிலோடு மடங்கும். ஒருநாள் அங்கேயே உள்ளுக்குள் அறும். வெளியே தோல் முழுசாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வாரண்டி இருக்கும் வண்டி என்றால் அந்த வெட்டைக் காட்டியே கம்பெனி கை விரித்துவிடலாம்.

எக்ஸ்டென்ஷனும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். நான் முதலில் வாங்கிய மலிவான ஒன்றில் பின்கள் லொடலொடவென்று ஆடின. பழைய பிரச்சினை போய், குண்டுகுழியில் மட்டும் விளக்கு எரியும் புதுப் பிரச்சினை வந்தது. பின் இறுக்கம், ரப்பர் சீல், வயரின் தடிமன் மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நல்லது கிடைத்தால் என் ஓட்டு இதற்கே, பழைய பாரைத் திரும்பப் போடும்போது உருவி எடுத்துவிடலாம் என்பதற்காகவும். கூடுதல் கப்ளரை டேங்குக்கு அடியில், ஆடாத இடத்தில் கட்டுங்கள்.

உங்கள் மாடலுக்கு எக்ஸ்டென்ஷன் கிடைக்கவே இல்லையா? சரி, வெட்டுங்கள். ஆனால் ஈயம் வேண்டாம், அழுத்தி இறுக்கும் கிரிம்ப் செய்து, பசை வைத்த, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் குவியாமல் ஏணிப்படி போல் தள்ளித்தள்ளி வரட்டும்.

வயரே இல்லாத ஒரு வில்லனும் உண்டு. ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கும் சின்ன முளை, பாரில் உள்ள ஓட்டையில் உட்கார வேண்டும். புது பாரில் பல நேரம் ஓட்டை இருக்காது. முளையைச் சீவிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முறுக்கும்போது பெட்டியே சேர்ந்து சுழலும், வயரையும் இழுக்கும். அளந்து ஓட்டை போடுவதே முறை. அதேபோல பார் முனை எடை பிடியோடு உரசினால் ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திரும்பாது. நாணயத் தடிமனுக்கு இடைவெளி இருக்கட்டும்.

டேங்கைக் கழற்றியிருக்கும்போதே முன் பிரேக் ஹோஸையும் அதே இடது ஒடிப்பில் பாருங்கள். அது விறைத்தால் எக்ஸ்டென்ஷன் எல்லாம் கிடையாது, நீளமான ஹோஸ் வாங்கியே ஆக வேண்டும்.