டயஸெபாம், லோராஸெபாம், ஸோல்பிடெம்: யார் உடம்பில் எது தங்கும்?

தூக்க மாத்திரை என்றாலே எது ஸ்ட்ராங், எது மைல்டு என்றுதான் கேட்கிறார்கள். காலையில் எழும்போது உடம்பில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதை மாத்திரை மட்டும் தீர்மானிப்பதில்லை, விழுங்குபவரின் வயதும் பாலினமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

டயஸெபாம் கொழுப்பில் போய்த் தங்கும் மருந்து. வயதாக ஆக தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், அது பதுங்க இடமும் கூடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும், 80 வயதிலோ ஏறக்குறைய 90 மணி நேரம். போதாக்குறைக்கு, கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் டெஸ்மெத்தில்டயஸெபாமும் மயக்கம் தருவதுதான், அது இன்னும் மெதுவாகக் கழியும். என்றைக்கோ ஒருநாள் போட்டால் பெரிதாகத் தெரியாது. தினமும் போட்டால்தான் வம்பு: நேற்றையது கழியும் முன்பே இன்றையதும் சேர்ந்துகொள்ள, தாத்தா பகலிலும் தள்ளாடுவார், பேரன் பெயரை மறப்பார், வீட்டிலோ 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள்.

லோராஸெபாம் இந்த விஷயத்தில் தேவலாம். கல்லீரல் அதைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது, இந்த வேலை வயதானாலும் அவ்வளவாகத் தளர்வதில்லை. பாதியாகக் குறைய 12 மணி நேரம் போல ஆகும், கழிவுப் பொருளுக்கு வீரியமும் கிடையாது. அதற்காகப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். வயதான மூளை அதே அளவு மருந்துக்கே கூடுதலாக மயங்கும், நடுராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது அப்படித்தான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்காவின் பியர்ஸ் பட்டியல் மூன்றையுமே தவிர்க்கச் சொல்கிறது.

ஸோல்பிடெம் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10 மில்லிகிராம் போட்டு 8 மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெண்களில் 100க்கு 15 பேர் போலவும் ஆண்களில் 3 பேர் போலவும் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருந்தது, அது வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கக்கூடிய அளவு. இரவு 11 மணிக்குப் போட்டவர் காலை 7 மணிக்கு ஸ்கூட்டர் சாவியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை வித்தியாசத்தை வைத்து மட்டும் இதை விளக்க முடியவில்லை. 2013 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகப் பாதியாக்கியது. ஐரோப்பாவில் முதியவர்களுக்கும் கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கும் 5 என்று வைத்துக்கொண்டு, பெண்களுக்குத் தனியாகக் குறைக்கவில்லை. எனக்கென்னவோ அமெரிக்கர்கள் செய்ததே சரியாகப் படுகிறது, குறைந்த அளவில் தொடங்குவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய வயதானவருக்கு என்றால், தினசரி டயஸெபாமைத்தான் முதலில் தள்ளிவைப்பேன். ஆண்டுக்கணக்கில் போட்டுவருகிறவர் மட்டும் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்த வேண்டாம், திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிற வேகத்தில் குறையுங்கள்.