கறவை மாடா, நான்கு வெள்ளாடா?

2011-இல் தமிழக அரசு விலையில்லாக் கால்நடைகளை வழங்கத் தொடங்கியபோது, சில வீடுகளுக்கு ஒரு கறவை மாடு கிடைத்தது. வேறு சில வீடுகளுக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. எந்த வீட்டுக்கு எது என்பதை அரசு தீர்மானித்தது. இன்று கடன் வாங்கிக் கால்நடை வளர்க்க நினைக்கும் குடும்பம் அதைத் தானே தீர்மானிக்க வேண்டும். பலரும் மாட்டின் பக்கமே சாய்கிறார்கள். மானாவாரிக் கரிசலில் ஓரிரு ஏக்கர் மட்டும் உள்ள வீட்டுக்கு அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

மாட்டின் கணக்கைப் பார்ப்போம். கலப்பின மாடு நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது, லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் 280 ரூபாய். அதன் உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) வைக்க வேண்டும். ஆக, ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் பாதிப் பணம் தொட்டியிலேயே போய்விடுகிறது. அது போக, நாளுக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருந்து சொந்தமாகப் புல் வளர்ப்பவருக்கு மிச்சம் நிற்கும். சோளத்தட்டையையும் வைக்கோலையும் விலைக்கு வாங்குபவருக்கு என்ன நிற்கும்?

கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்ற விட வேண்டும். சினை ஊசி ஒருமுறை தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களிலும் மாடு தின்னும், கடன் தவணையும் வரும். இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வீட்டுப் பெண்ணின் உழைப்பு. விடியுமுன் ஒரு கறவை, பிற்பகலில் ஒரு கறவை, இடையில் சாணி அள்ளுதல், புல்லறுப்பு. தாய் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மாலைக்குள் திரும்பியாக வேண்டும். இந்தக் கூலியை எந்தத் திட்ட அறிக்கையும் செலவில் எழுதுவதில்லை.

வெள்ளாட்டின் சினைக்காலம் 150 நாள்தான். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று வரை எடுக்கலாம். இரட்டைக் குட்டி சாதாரணம். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கொடி ஆடும் கன்னி ஆடும் வெயிலுக்கும் முள்காட்டுக்கும் பழகியவை. பள்ளிக் கட்டணம் கட்ட ஒரு கிடாவை மட்டும் எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப் போகலாம். மாட்டில் அப்படி ஒரு பங்கை மட்டும் விற்க முடியாது.

ஆட்டிலும் தொல்லை உண்டு. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. பக்கத்துப் புஞ்சையில் வாய் வைத்தால் சண்டை. மழைக்காலத்தில் கழிச்சல் வந்தால் குட்டிகள் அடுத்தடுத்துச் சாகும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடாமல் பட்டி வைப்பது சூதாட்டம். தெருநாய்கள் புகுந்தால் ஒரே இரவில் முதல் போய்விடும். மேய்க்க ஆளே இல்லாத வீட்டுக்கு ஆடும் ஆகாது.

இருந்தாலும் தண்ணீர் இல்லாத, ஒரு பெண்ணின் உழைப்பை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு நான் ஆட்டைத்தான் சொல்வேன். நான்கில் ஒன்று இறந்தாலும் மூன்று மிஞ்சும். ஒற்றை மாடு மடிநோயில் விழுந்தால் கடன் மட்டுமே மிஞ்சும். பாசனமும், நடந்து போகும் தூரத்தில் பால் சங்கமும், கை மாற்ற இன்னொருவரும் இருந்தால் மாடு வாங்குங்கள். ஆனால் முதலில் கோ-4 தீவனப்புல்லின் கரணையை நட்டுவிடுங்கள். முதல் அறுப்புக்கு 75 நாளாவது ஆகும். அதற்குப் பிறகு மாட்டுச் சந்தைக்குப் போகலாம்.